ரோஸிக்குத் திமில் வைத்த பொங்கல்

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு வெட் கிளினிக்கில், அதாவது பிராணிகள் மருத்துவமனையில், இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, போன வருடம்தான் வீட்டில் உட்கார்ந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பூனைக்கு நகம் வெட்டுவது, நாய்க்கு டிரிப் ஏற்றுவது பற்றியெல்லாம் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு மாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். என் சர்வீஸில் நான் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு மாடு, அதுவும் நான்கே நாள்.

1. தமிழ் ஆளுக்கு மாடு தெரியாதா?

சிங்கப்பூரில் கால்நடை என்றால் பெரும்பாலும் சோபாவில் படுத்திருக்கும். பூனை, நாய், முயல், கிளி, ஹாம்ஸ்டர், எப்போதாவது ஓர் ஆமை. எங்கள் கிளினிக்கில் நான் தூக்கியதிலேயே கனமானது பிறந்தநாள் கேக்கை முழுதாகத் தின்றுவிட்டு வந்த ஒரு லாப்ரடார்.

ஒரு டிசம்பர் மாதக் காலையில், கையில் எந்தப் பிராணியும் இல்லாமல் ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற கதிரேசன். லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு மாடு கட்டிக் காட்டுகிற ஒரு கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"டோக்கன் எடுங்க சார். என்ன பெட்டு? எங்க இருக்கு?"

"பண்ணையில இருக்கும்மா. மாடு."

விஷயம் இதுதான். மாட்டைப் பொது இடத்தில் காட்சிக்கு வைக்கப் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் பதினாறு கண்டிஷன். நிழல், மின்விசிறி, தண்ணீர், ஓய்வு நேரம், பொதுமக்கள் தீனி போடக்கூடாது, மாட்டை வைத்துப் போட்டி எதுவும் நடத்தக்கூடாது, இப்படி. பதினாறாவது கண்டிஷன்: மிருகத்தைக் கவனிக்கத் தகுதி பெற்ற ஒருவர் அங்கேயே இருந்து, மணிக்கொரு முறை சோதித்து, ஒரு ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக வருகிறவர் அந்த வருடம் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

"நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களான்னு விசாரிச்சேன். உங்க பேரு சொன்னாங்க. ஸ்டெல்லா, தமிழ் ஆளு, வெட்ல வேலைன்னு. மாடு பாத்திருக்கீங்கல்ல?"

"பாத்திருக்கேன்" என்றேன். பொய் இல்லை. பால் டின்னில் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் எங்கள் கிளினிக் டாக்டர் லிம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழச்சிக்கு மாடு தெரியாது என்று ஒரு சீனர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மானம் ரொம்ப நல்ல விஷயம், ஆனால் அதை வைத்துக்கொண்டு மாட்டுக்கு டெம்பரேச்சர் எடுக்க முடியாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கதிரேசன் போனதும் டாக்டர் கேட்டார்: "ஸ்டெல்லா, யூ நோ கவ், ஆ?"

"ஹாம்ஸ்டருக்கே நரம்பு கண்டுபிடிச்சவ டாக்டர் நான். மாட்டுக்கு நரம்பு எம்ஆர்டி ரயில் லைன் மாதிரி இருக்கும்."

அவர் சிரிக்காமல் உள்ளே போய், கல்லூரியில் தாம் படித்த கால்நடைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தலையணை கனம். கிளமெண்டியிலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில் ஒரு மாதம் அதைப் படித்தேன். எதிர் சீட்டில் இருப்பவர்கள் அட்டையில் இருந்த மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்தப் புத்தகத்தில் எனக்கு மனப்பாடம் ஆன பக்கம் ஒன்றுதான். மாட்டுக்குச் சூடு தாங்கவில்லையென்றால் முதலில் மூச்சு ஏறும். விலாவைப் பார், ஒரு நிமிடம் எண்ணு. முப்பது, நாற்பது என்றால் நிம்மதி. அறுபதைத் தாண்டினால் எழுந்து நட. எண்பதைத் தாண்டினால் ஓடு.

2. பாண்டியும் ரோஸியும்

தீவின் வடமேற்கு மூலையில் இருந்த பண்ணைக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். ரோஸி கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட சீமைப் பசு. கொம்பு இல்லை. பால் கறக்கிற மாடு. வயிறு நல்ல விசாலம். அவளைப் பார்த்துக்கொள்கிறவன் பாண்டி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், முப்பது வயது இருக்கும், வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

நான் கையை நீட்டி ஒரே ஒரு விரலால் ரோஸியைத் தொட்டேன். பாண்டி என் விரலைப் பார்த்தான்.

"அக்கா, சுவிட்சு போடுற மாதிரி தொடுறீங்க. உள்ளங்கைய வைங்க."

உள்ளங்கையை வைத்தேன். ரோஸி திரும்பி என் சட்டையை ஒரு நக்கு நக்கினாள். உப்புத்தாள் தேய்த்தது போல இருந்தது. எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. அவளுக்கு என் சட்டையில் இருந்த வேர்வை உப்பு பிடித்திருந்தது.

பாண்டியின் இடது தோளில் நீளமாக ஒரு தழும்பு. என்னவென்று கேட்டேன். ஜல்லிக்கட்டில் வாங்கியது என்றான், ஏதோ பட்டம் வாங்கியதைச் சொல்கிறவன் போல.

மிருகங்களை வைத்து நடத்தும் போட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இந்த ஊரில் மெர்பொக் புறாவைக் கூண்டோடு உயரமான கம்பத்தில் ஏற்றி, எது நன்றாகக் கூவுகிறது என்று போட்டி வைப்பார்கள். அந்தப் புறாக்காரர் ஒருவர் எங்களிடம் வருவார். போட்டிக்கு முன்னால் வீட்டில் ஃபேன்கூடப் போட மாட்டார், புறாவுக்குத் தொண்டை கட்டிவிடுமாம். ஒரு நாள் மனைவிக்கும் காய்ச்சல், புறாவுக்கும் சளி. மனைவிக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, புறாவை டாக்ஸியில் தூக்கி வந்தார். இந்த மாதிரி அன்பைக் கண்டால் எனக்குப் பயம்தான்.

பாண்டியிடமும் சும்மா இருக்க முடியவில்லை.

"காளைய நாங்க புள்ள மாதிரி வளப்போம்கா" என்றான்.

"புள்ள கண்ணுல மிளகாப்பொடி தூவுவீங்களா?"

அவன் ரோஸியின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தான். பிறகு சொன்னான்: "தூவுறவனும் இருக்கான். வாலைக் கடிக்கிறவனும் இருக்கான். இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். எங்கப்பா ஒரு காளை வச்சிருந்தாரு. அது செத்தப்ப ஊரே மாலையோட வந்துச்சு. அவரு ரெண்டு நாள் சாப்பிடல. அதுவும் நெசந்தான்கா."

"எனக்கு ஜல்லிக்கட்டு பிடிக்காது பாண்டி. சொல்லிட்டேன்."

"பரவால்லக்கா. எனக்கு இந்த ஊர்ல நாயைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளுறது பிடிக்கல. நான் யார்கிட்ட சொன்னேன்?"

அந்த வாரம் மட்டும் எங்கள் கிளினிக்குக்கு நான்கு தள்ளுவண்டி வந்திருந்தது.

3. நான் கேட்காமல் விட்ட கேள்வி

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு கமிட்டிக் கூட்டம். கதிரேசன் எழுந்து, இந்த வருடம் கருப்பொருள் வீர விளையாட்டு என்று அறிவித்தார். சுவரில் படங்கள், ஒரு சின்னக் கண்காட்சி, நடுவில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை.

பாண்டி கையைத் தூக்கினான். "அண்ணே, நம்மகிட்ட காளை இல்லண்ணே."

"பண்ணையில இத்தன மாடு இருக்கே, காளை இல்லாமயா கன்னு போடுது?"

"எங்க பண்ணைக்குக் காளை ஊசியில வரும்ணே. நைட்ரஜன் டப்பாவுல, குளுகுளுன்னு."

சினை ஊசியைத்தான் சொன்னான். கூட்டத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிரிப்பதற்காக.

கதிரேசன் முகம் வாடிவிட்டது. 'ஜல்லிக்கட்டுக் காளையை நேரில் காண வாரீர்' என்று பேனர் அடித்து, தெரு முனையில் கட்டியும் ஆகிவிட்டது. அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வருகிற வெளிநாட்டு ஊழியர்களில் பாதிப் பேர் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பிள்ளைகள். பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாதவர்கள். "அந்தத் தம்பிங்களுக்கு ஒரு காளை காட்டுறேன்னு நானே வாயால சொல்லிட்டேம்மா" என்றார். பட்டறையில் அவருக்குக் கீழே அப்படிப் பல பேர் வேலை செய்திருக்கிறார்கள். அவர் பெருமைக்காகச் செய்யவில்லை. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போது ஜமுனா அக்கா, சோபா உறை தைக்கிற கடை வைத்திருப்பவர், நிதானமாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

சோபா தைக்கிற பெண்மணி காளைக்கு என்ன பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வடை வந்துவிட்டது. கேட்கவில்லை. பிள்ளைகளே, கூட்டத்தில் யாராவது 'நான் பாத்துக்கிறேன்' என்று சொன்னால் உடனே 'எதை, எப்படி' என்று கேளுங்கள். வடை ஆறினாலும் பரவாயில்லை.

4. ஞாயிற்றுக்கிழமை

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒரு குறையும் இல்லை. சந்துக்குள் கூடாரம், இரண்டு பெரிய விசிறி, கீழே வைக்கோல். நான் மணிக்கொரு தரம் ரோஸியின் விலாவைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பது. ஷீட்டில் 'இயல்பு, இயல்பு' என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு சின்னப் பெண் வந்து, "ஆண்ட்டி, இது ரியலா? பேட்டரி எங்க போடுவீங்க?" என்று கேட்டாள். ரோஸி அதே நேரம் சாணி போட்டுப் பதில் சொன்னாள்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நான் வந்தபோது வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசையில் நின்ற தம்பிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். என்னமோ சரியில்லை என்று உள்ளே போனேன்.

ரோஸியைக் காணோம். அவள் இடத்தில் முழுக் கறுப்பாக ஏதோ நின்றது. உற்றுப் பார்த்தேன். கழுத்திலிருந்து வால் வரை கறுப்பு வெல்வெட் உறை, மடியையும் மறைத்துக்கொண்டு முட்டிக்குக் கீழே தொங்கியது. அதற்கு மேலே, முன்னங்கால்களுக்கு நேராக, ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த ஒரு பெரிய திமில். அது நழுவாமல் இருக்கப் பயணப் பெட்டிக்குப் போடுகிற பெல்ட்டை நெஞ்சைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். திமிலின் உச்சியில் சந்தனப் பொட்டு. பக்கத்தில் ஓர் அட்டை: 'திமிலைத் தொடு, செல்ஃபி எடு.'

ஜமுனா அக்கா பெருமையாக நின்றார். "எப்படி லா ஸ்டெல்லா? சோபா துணிதான், வாஷபிள்."

வரிசையின் முன்னால் நின்ற ஒரு தம்பி மிகப் பணிவாகக் கேட்டான்: "அண்ணே, காளைக்கு இது எத்தனாவது மாசம்?"

எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ரோஸியின் வாயோரம் எச்சில் நூலாகத் தொங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தை நீட்டி வைத்திருந்தாள். உறையைத் தூக்கி விலாவைப் பார்த்து எண்ணினேன். எண்பத்து நான்கு.

பாண்டி மூலையில் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயா கட்டுன?"

"கட்டச் சொன்னாங்க, கட்டுனேன்கா." வரிசைப் பக்கம் கை காட்டினான். "வெளிய எங்க ஊருப் பயலுக நிக்கிறானுக. என்னால தலைய தூக்க முடியல. காளைன்னா அவுத்து விடணும்கா. அது ஓடணும், நாம விழணும், அதுல ஒரு நியாயம் இருக்கு. கட்டிப் போட்டுட்டு வரிசையா வந்து தொடுறது என்னக்கா வீரம்?"

நான் கதிரேசனிடம் போனேன். "அண்ணே, இதெல்லாம் உடனே கழட்டணும். மூச்சு எண்பது தாண்டிருச்சு."

"ஸ்டெல்லாம்மா, பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வர்றாரு. அவரு போற வரைக்கும், ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கம்மா."

"ரெண்டு மணி நேரத்துல இவ விழுந்துடுவா அண்ணே."

"இத்தன ஜனம் நிக்குது. இப்பக் கழட்டுனா என் முகத்தை எங்க கொண்டு போய் வைக்கிறது?" பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "நீங்க எங்க ஆளா, பெர்மிட் ஆபீஸ் ஆளா?"

"இப்போதைக்கு நான் ரோஸியோட ஆளு" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபத்தில் இல்லை, வெட்கத்தில். அவருக்கும் தெரிந்துவிட்டது, வெளியே சிரிப்பது எதற்கென்று. ஆனால் அத்தனை பேர் முன்னால் தாமே கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதுவரை வந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் தணிந்தது. மாடும் பிழைக்க வேண்டும், இந்த மனுஷர் முகமும் பிழைக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை.

"பாண்டி, உங்க ஊர் ஜல்லிக்கட்டுல மைக்ல பேசுவாங்களே, அது உனக்கு வருமா?"

அவன் என்னைப் பார்த்தான், திமிலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மைக்கைப் பிடுங்கினான்.

"மாடு வருது, மாடு வருது! கதிரேசன் அண்ணன் மாடு! நின்னு விளையாடுற மாடு! ஓடவே ஓடாத மாடு! இந்த மாட்டைப் பிடிக்க வர்றது யாரு? கிளமெண்டி சிங்கம், வெட் நர்ஸு ஸ்டெல்லா அக்கா! தம்பி, ஓரமா நில்லு, அக்காவுக்கு வழி விடு! பிடிச்சா ஒரு பீரோ, ஒரு சைக்கிள், எம்ஆர்டி கார்டுக்கு டாப்-அப்!"

கூட்டம் 'ஓ' என்று கத்தியது. தம்பிகள் விசில் அடித்தார்கள். ஐம்பத்தாறு வயதில், யூனிஃபார்ம் பாக்கெட்டில் தெர்மாமீட்டரோடு, நான் வைக்கோலில் ஓடிப் போய் இரண்டு கையாலும் திமிலைக் கட்டிப் பிடித்தேன்.

ரோஸி திரும்பி என் காதை நக்கினாள்.

"மாடு சீறுது! மாடு சீறுது! விடாதீங்கக்கா!"

பிடித்த பிடியில் பெல்ட் கொக்கியை விரலால் தட்டினேன். இழுத்தேன். திமிலை ஒட்டியிருந்த வெல்க்ரோ பிரிகிற சத்தம் மைக்கிலேயே கேட்டது. திமில் என் கையோடு வந்துவிட்டது. அடுத்த இழுப்பில் வெல்வெட்டும் வந்தது. கறுப்பு வெள்ளைத் திட்டும், நிறைந்த மடியுமாக ரோஸி ஜனங்கள் முன்னால் நின்றாள்.

"ஐயோ, காளைக்கு மடி இருக்கு லா!" என்று ஓர் அம்மா வாய்விட்டுச் சொல்ல, அந்தச் சந்தே சிரித்தது. நான் திமிலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றே பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள்.

கதிரேசனை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முன்னால் நடந்து வந்தார். பிறகு பாண்டியிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"தம்பிங்களா, இது காளை இல்ல. பசு. பேரு ரோஸி. காளைன்னு பேனர் போட்டது நான்தான். உங்களுக்கு ஒரு காளை காட்டணும்னு ஆசைப்பட்டேன், கெடைக்கல. மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல அண்ணே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "அக்காவுக்குப் பீரோ குடுங்கண்ணே!"

அதற்குள் பாண்டி ரோஸி மேல் தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருந்தான். விசிறி இரண்டையும் அவள் பக்கம் திருப்பினோம். அரை மணி நேரத்தில் மூச்சு ஐம்பதுக்கு வந்தது. பதினோரு மணிக்கு வந்த சிறப்பு விருந்தினர், நனைந்த பசுவோடும் கையில் திமிலோடு நின்ற என்னோடும் படம் எடுத்துக்கொண்டார். நான் ஏன் திமில் வைத்திருக்கிறேன் என்று கடைசி வரை அவர் கேட்கவில்லை. பெரிய மனிதர்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

5. அந்த ஒரு வரி

பிறகுதான் உண்மையான சிக்கல். நான் ஷீட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். கதிரேசன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"கழட்டியாச்சுல்லம்மா. மாடும் நல்லா இருக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் 'இயல்பு'ன்னு போட்டுடலாமே. நீங்க எழுதுனா அடுத்த வருஷம் பெர்மிட் கெடைக்காது. இங்க மாட்டுப் பொங்கலே இல்லாமப் போயிடும்."

அவர் சொன்னது நியாயமான பயம்தான். இந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகள் உயிருள்ள மாட்டைப் பார்ப்பது வருடத்தில் இந்த நான்கு நாள்தான். என் ஒரு வரியால் அது நின்றுவிட்டால், அந்தச் சந்தில் நான் எந்த முகத்தோடு காய்கறி வாங்குவது? பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, நான் எண்ணாம சும்மா இருந்திருந்தா நீங்க சொல்றது சரி. ஆனா இவ மூச்சை எண்ணினேனே. எண்ணினதை எப்படி எண்ணலைன்னு எழுதுறது?"

எழுதினேன். கிளினிக்கில் நாய் பொத்தான் விழுங்கினால், பூனைக்குக் காதில் புல் மாட்டினால் எப்படி எழுதுவோமோ அப்படி: 'காலை 9.40. மூச்சு 84. முதுகில் வெளிப்பொருள் காணப்பட்டது. அகற்றப்பட்டது. 10.15, மூச்சு 50.' கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் பெர்மிட் அலுவலகத்திலிருந்து மிஸ் நூர் என்ற இளம் அதிகாரி வந்தார். ஷீட்டை வரி வரியாகப் படித்தார். 'வெளிப்பொருள்' என்ற இடத்தில் விரலை வைத்து, என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் நாற்காலிக்கு அடியிலிருந்து திமிலை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். கதிரேசன் முன்னால் வந்து, "மை ஃபால்ட், மிஸ். ஒன்லி மை ஃபால்ட்" என்றார். தைத்ததும் கட்டியதும் வேறு ஆட்கள். ஒருவர் பெயரையும் அவர் சொல்லவில்லை. அன்று முதல் எனக்கு அந்த மனுஷர் மேல் மரியாதை.

மிஸ் நூர் ஃபைலை மூடிவிட்டு என்னிடம் ஒன்று சொன்னார். நான்கு நாளும் எல்லா வரியிலும் 'இயல்பு' என்றிருந்தால் இந்த ஷீட்டை வீட்டில் உட்கார்ந்து நிரப்பியதாகத்தான் நினைத்திருப்பாராம். இந்த ஒரு கெட்ட வரியால்தான் மற்ற வரிகளை நம்புகிறாராம். முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் கதிரேசன் தினமும் எனக்குப் போன் செய்தார், கடிதம் என்னவோ என் வீட்டுக்கு வரப்போகிறது போல. ஒரு நாள் கிளினிக்குக்கே வந்தார். கடிதத்தைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தார். எச்சரிக்கை ஒன்று. ஆனால் அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கண்டிஷன் பதினாறு பதினேழாகிவிட்டது. புதியது: 'காட்சிக்கு வைக்கப்படும் மிருகத்தின் உடலில் செயற்கை உறுப்பு எதையும் பொருத்தக்கூடாது.'

கதிரேசன் அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு யோசனையாகக் கேட்டார்: "மிருகத்துக்குத்தானே கூடாது? மனுஷனுக்குப் பொருத்தலாம்ல?"

அடுத்த பொங்கலில் நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். ரோஸி விசிறிக் காற்றில் ஹாயாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். சந்தின் இன்னொரு முனையில், ஜமுனா அக்காவின் கறுப்பு வெல்வெட்டைப் போர்த்தி, திமிலைப் பெல்ட்டால் கட்டி, அட்டைக் கொம்பு வைத்துக்கொண்டு காளையாக நின்றது தலைவர் கதிரேசனேதான். பாண்டி மைக்கில் இருந்தான். தம்பிகள் துரத்தினார்கள். பிடிக்க முடியவில்லை என்று நடித்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். காளை தடுமாறி என் பக்கம் வந்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. முகம் சிவந்து வேர்வை ஊற்றியது.

"கழட்டும்மா, மூச்சு முட்டுது."

பெல்ட்டை அவிழ்த்து, வெல்வெட்டை உருவி, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார். தூரத்தில் படுத்திருந்த ரோஸியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எப்படிம்மா அன்னைக்கு ஒண்ணுமே சொல்லாம நின்னுச்சு?"

"சொல்லிச்சு அண்ணே" என்றேன். "நிமிஷத்துக்கு எண்பத்து நாலு தடவை சொல்லிச்சு."

பிள்ளைகளே, நம் வேலை அவ்வளவுதான். எண்ணுங்கள். எண்ணியதை அப்படியே எழுதுங்கள்.